கட்டைவிரலுக்கு அடியில் நாலு கோடு

1

இந்தக் கதை ஒரு பொய்யில் பிறந்தது. பொய் என்னுடையது. வாரப் பத்திரிகை ஆசிரியர் போன் செய்தபோது நான் குளித்துவிட்டுத் தலை துவட்டிக்கொண்டிருந்தேன்.

"புதுத் தொடர் எங்க நடக்குது?" என்றார்.

துண்டைத் தவிர என் கையில் எதுவும் இல்லை. "மலையில சார். கீழ கடல். கொலை மேல நடக்கும், பிணம் கீழ போகும்."

"இடத்தப் போய்ப் பாத்துட்டீங்களா?"

"ஓ, பாத்தாச்சே!"

பார்க்கவில்லை. அதனால் மறுநாள் காலை எட்டு மணிக்கு, கடலோர மலைகளைப் பேட்டரி சைக்கிளில் சுற்றிக் காட்டும் ஒரு கூட்டத்தில் போய் நின்றேன். இருபத்திரண்டு கிலோமீட்டர், நாலு ஏற்றம். நாம் மிதித்தால் மோட்டாரும் சேர்ந்து மிதிக்கும். எவ்வளவு சேர்ந்து மிதிக்க வேண்டும் என்பதை ஒன்று முதல் நாலு வரை பொத்தானில் வைத்துக்கொள்ளலாம். ஹேண்டில்பாரில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு திரை. அதில் ஐந்து கோடுகள். பேட்டரி தீரத் தீர ஒவ்வொன்றாக அணையும். கதைக்கு இந்த எந்திர ஞானம் போதும்.

ஆரம்பத்தைப் பல தடவை எழுதினேன். முதலாவது:

பிரேக் ஒயர் அறுக்கப்பட்டிருந்தது. அதை அவர் கவனித்தபோது சைக்கிள் ஏற்கனவே—

"இதுல ஒயரே கிடையாது ரைட்டர் சார், எண்ணெய் பிரேக்கு" என்றாள் வழிகாட்டி. போயிற்று. இரண்டாவது:

நான்கு பேர் மலை ஏறினார்கள். மூன்று பேர்தான்—

இதுவும் நிற்கவில்லை. நான்கு பேர் ஏறினோம். நான்கு பேரும் இன்றைக்குச் சௌக்கியமாக இருக்கிறோம். கொலைக்காகக் காத்திருப்பவர்கள் இங்கேயே இறங்கிக்கொள்ளலாம், தப்பாக நினைக்க மாட்டேன்.

2

நான்கு பேர் யார்? வழிகாட்டி ஒருத்தி. முப்பத்தைந்து வயது இருக்கும். கழுத்தில் விசில், கெண்டைக்காலில் கருங்கல். அவள் பின்னால் ஒரு பல் டாக்டர். அவர் பின்னால் ஒரு லிஃப்ட் மெக்கானிக். கடைசியில், மூச்சு வாங்கிக்கொண்டு, நான்.

டாக்டரும் லிஃப்ட்காரரும் சம்பந்திகள். லிஃப்ட்காரரின் மகளும் டாக்டரின் மகனும் தாங்களாகவே விரும்பி, இரண்டு வீட்டிலும் சம்மதம் வாங்கி, இன்னும் இரண்டு மாதத்தில் கல்யாணம். மண்டபம் பிடித்தாகிவிட்டது. டாக்டர் கணக்கில் ஆயிரத்து இருநூறு பேர். எல்லாரும் ஒரு தடவையாவது அவரிடம் வாயைத் திறந்தவர்கள். 'அப்பாக்கள் ரெண்டு பேரும் கொஞ்சம் பழகட்டும்' என்று பிள்ளைகள்தான் இந்தச் சவாரியை ஏற்பாடு செய்திருந்தார்கள்.

அது வெளியே சொன்ன காரணம். உள்ளே இருந்த காரணத்தை முந்தின நாள் மகள் அப்பாவின் காதில் போட்டிருந்தாள். அவளுக்கு வெளிநாட்டுக்கு மாற்றல். கணவனையும் கூட்டிப் போக வேண்டுமென்றால் கல்யாணச் சான்றிதழ் வேண்டும். மூன்று வாரத்துக்கு முன்பே ரிஜிஸ்தர் ஆபீசில் கையெழுத்துப் போட்டாகிவிட்டது. பதினைந்து நாளில் விமானம். மண்டபத்துக்கு ஆயிரத்து இருநூறு பேர் வருவார்கள். பெண்ணும் மாப்பிள்ளையும்தான் வர மாட்டார்கள்.

"மாமா கிட்ட நான் சொன்னா அழுதுடுவேன்ப்பா. இவர் சொன்னா சண்டை ஆயிடும். நீங்க பக்குவமா சொல்லிடுங்க. மலை உச்சியில நாங்க கார்ல வந்து நிப்போம். அதுக்குள்ள."

டாக்டர் கோபித்துக்கொண்டால் சொந்த அண்ணனோடே ஒன்பது வருஷம் பேசாதவர். அடுத்த ஒன்பது வருஷம் தன் மகள் மேல் விழுமோ என்பதுதான் லிஃப்ட்காரரின் பயம்.

* இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்று சிலர் கடிதம் போடுவார்கள். நாலாவது பகுதி வரை பொறுங்கள்.

3

லிஃப்ட்காரர் பேசத் தெரியாதவர் அல்ல. முப்பது வருஷமாக, நடுவழியில் நின்றுபோன லிஃப்டுகளுக்குள் மாட்டிக்கொண்டவர்களோடு மூடிய கதவுக்கு இந்தப் பக்கம் நின்று பேசியவர். "பயப்படாதீங்க, நான் இங்கதான் இருக்கேன். சுவத்துல சாயாதீங்க. காலைல என்ன சாப்பிட்டீங்க?" என்று அவர் பேச ஆரம்பித்தால் உள்ளே அழுகிற குரல் அடங்கும். ஆனால் நடுவில் கதவு இருக்க வேண்டும். எதிரே ஒரு முகம் இருந்தால் நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

டாக்டருக்கு வேறு வியாதி. அவர் ஆயுசு முழுக்கப் பேசிய ஆட்களின் வாயில் பஞ்சு இருந்தது. கேள்வி கேட்பார், பதிலுக்கு நிற்க மாட்டார்.

"என்ன சம்பந்தி, ராத்திரி நல்லாத் தூங்கினீங்களா? தூங்கியிருப்பீங்க. கடல் காத்து. பல்லுல கூச்சம் இருக்கா? இருக்கும், உங்க வயசுக்கு."

"அது வந்து சம்பந்தி, ஒரு விஷயம்..."

"விஷயம் இருக்கட்டும், நாலாம் நம்பர்ல வைங்க! சும்மா பறக்குது பாருங்க!"

பறந்தார். லிஃப்ட்காரர் ஒன்றாம் நம்பரில் இருந்தார். எந்த எந்திரத்தையும் கசக்கிப் பிழியாதவர் அவர். பெரிய ஏற்றம் கடைசியில் என்று வழிகாட்டி சொன்னதும் பேட்டரியைச் சேமிக்க ஆரம்பித்துவிட்டார். அதனால் ஒவ்வொரு ஏற்றத்திலும் டாக்டர் எட்டாத தூரத்தில் இருந்தார். இவர் சேமித்த மின்சாரத்தைத் தன் முழங்காலிலிருந்து எடுத்துக்கொண்டிருந்தார்.

இறக்கத்தில் நெருங்கினார். வாயைத் திறந்தார். விசில் ஊதியது.

"இறக்கத்துல பேச்சு கூடாதுன்னு சொன்னேன்ல? வாய் தொறந்தா கை பிரேக்க மறந்துடும். சொல்றத எல்லாம் கீழ போய்ச் சொல்லுங்க."

கீழே போனதும் அவளே பேசினாள். பாறை எத்தனை வயசு, கலங்கரை விளக்கம் எத்தனை படி. முடித்ததும் அடுத்த ஏற்றம்.

(இந்த இடத்தில் கடலை வர்ணிக்க வேண்டும். எழுதினேன்: 'கீழே கடல் நீலக் கண்ணாடி போல—' நிறுத்திவிட்டேன். லிஃப்ட்காரர் கடலைப் பார்க்கவே இல்லை. முன்னால் போகிற முதுகைத்தான் பார்த்தார். அவர் பார்க்காததை நான் ஏன் உங்களுக்குக் காட்ட வேண்டும்?)

4

மூன்றாவது ஏற்றம் முடிந்த இடத்தில் பத்து நிமிட ஓய்வு. டாக்டர் பாறை மேல் ஏறி யாருக்கோ வீடியோ காட்டப் போய்விட்டார். லிஃப்ட்காரர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். முழங்காலை இரண்டு கையாலும் பிடித்துவிட்டார்.

"சார், நீங்க கதை எழுதுறவராமே?"

"ஆமா."

"ஒரு வசனம் எழுதித் தருவீங்களா?"

முன்பின் தெரியாத ஆளிடம்தான் மனுஷன் எல்லாவற்றையும் கொட்டுவான். கொட்டினார். இரண்டாவது பகுதியில் நான் சொன்னது அத்தனையும் அங்கே கேட்டதுதான். நோட்டை எடுத்தேன். எழுதினேன்:

'உங்கள் மகன் இப்போது எங்கள் கையில்.'

படித்துவிட்டு என்னைப் பார்த்தார். "கடத்தல்காரன் பேசுற மாதிரி இருக்கு சார்."

கிழித்தேன். 'நீங்கள் இதைக் கேட்கும்போது எல்லாம் முடிந்திருக்கும்.'

"சார், அவருக்கு பிரஷர் இருக்கு."

'அவர்கள் இருவரும் இனி திரும்பி வரப்போவதில்லை.'

"பொழச்சுக் கெடக்கட்டும் சார், பிள்ளைங்க!"

முப்பத்திரண்டு வருஷம், நாற்பத்தோரு தொடர். ஒரு தகப்பன் இன்னொரு தகப்பனிடம் சொல்ல ஒரு வரி என்னிடம் இல்லை. இதை ஆசிரியரிடம் யாரும் சொல்ல வேண்டாம்.

5

எனக்கு டாக்டர் மேல் சந்தேகம் வந்தது அப்போதுதான். கொலைச் சந்தேகம் அல்ல, எழுத்துச் சந்தேகம். அதுவரை அவரை எல்லா வாரமும் கடைசி பாராவில் சிரிக்கிற வில்லனாகவே வைத்திருந்தேன். கோபக்காரர், வாயாடி, நாலாம் நம்பர். ரொம்பச் சுலபமான ஆள்.

பாறையிலிருந்து இறங்கி வந்தவர் போனை லிஃப்ட்காரரிடம் நீட்டினார். கல்யாண அழைப்பிதழின் மாதிரி.

"பாத்தீங்களா? உங்க பேரு மேல, என் பேரு கீழ. வீட்டுல ஒரே சண்டை. டாக்டர் பேரு கீழயான்னு. நான் சொன்னேன், அவரு பொண்ணக் குடுக்குறாரு, நாம என்னத்தக் குடுக்குறோம், மூணு வேளையும் பசிக்கிற ஒரு வயிறு. அதான் இவ்வளவு பெரிய எழுத்துல போட்டேன். பிடிச்சிருக்கா? பிடிச்சிருக்கும்."

லிஃப்ட்காரர் தலையாட்டினார். என்னைப் பார்த்தார். நான் ஷூ கயிற்றைக் கட்டினேன். ஏற்கனவே கட்டியிருந்த கயிறுதான்.

இனி லிஃப்ட்காரர் அதைச் சொல்வது முன்னை விடக் கஷ்டம். கெட்டவனிடம் கெட்ட செய்தி சொல்ல என் கதைகளில் எல்லாருக்கும் தெரியும்.

6

கடைசி ஏற்றத்தின் அடிவாரத்தில் டாக்டரின் சைக்கிள் ஒரு முனகலோடு நின்றது. திரையில் ஒரு கோடும் இல்லை. உச்சிக்கு இன்னும் இரண்டு கிலோமீட்டர், சுவர் மாதிரி செங்குத்து.

"ஸ்பேர் பேட்டரி ஒண்ணுதான் கொண்டு வந்தேன்" என்றாள் வழிகாட்டி. "அத ரெண்டாவது ஏத்தத்துலயே போட்டாச்சு." யாருக்குப் போட்டது என்று அவள் சொல்லவில்லை, நானும் சொல்லப் போவதில்லை. அவர் ஒரு எழுத்தாளர்.

"யார் கிட்டயாவது நல்லா மிச்சம் இருக்கா? எல்லாம் ஒரே மாடல். டாக்டருக்கு மாத்திக் குடுத்தா அவரு போயிடுவாரு."

எனக்கும் வழிகாட்டிக்கும் ஒவ்வொரு கோடுதான் மிச்சம். லிஃப்ட்காரரின் திரையில் நாலு கோடு. கொடுத்தால் சம்பந்தி நாலாம் நம்பரில் பறந்து, நேராகப் போய்ப் பிள்ளைகள் முன் இறங்குவார், ஒன்றும் தெரியாமல். கொடுக்காவிட்டால் இரண்டு கிலோமீட்டர், பக்கத்தில் பக்கத்தில், தள்ளிக்கொண்டு. ஓடிப் போக முடியாது.

நின்றுபோன லிஃப்டிலிருந்து முப்பது வருஷமாக ஆட்களை வெளியே எடுத்தவர், அன்றைக்கு முதல் தடவையாக ஒருவரை உள்ளே நிறுத்தினார்.

"என்னோடதும் காலி சம்பந்தி" என்றார். கட்டைவிரல் திரையை மூடியிருந்தது.

வழிகாட்டி அந்தக் கட்டைவிரலைப் பார்த்தாள். பிறகு அவர் முகத்தைப் பார்த்தாள்.

"சரி. வண்டிக்குச் சொன்னா முக்கால் மணி ஆகும். ரோடு ஒண்ணுதான், தொலைய முடியாது. ரெண்டு பேரும் மெதுவாத் தள்ளிட்டு வாங்க. ரைட்டர் சார், நீங்க என்கூட."

"நானும் இவங்களோடயே..."

"சார்." விசிலை வாய்க்குக் கொண்டுபோனாள். நான் மிதித்தேன்.

பின்னால் டாக்டரின் குரல் கேட்டது: "உங்களுக்கும் காலியா? ஒண்ணாம் நம்பர்லதானே வந்தீங்க? என்ன கம்பெனி இது! சரி விடுங்க, பேசிட்டே போலாம்."

7

உச்சியில் கார் நின்றது. காருக்கு முன்னால் மகள், மாப்பிள்ளை. அவள் கையில் பிளாஸ்டிக் உறை, உறைக்குள் சான்றிதழ். அங்கிருந்து பார்த்தால் பாதை முழுவதும் தெரியும், ஒரே ஒரு வளைவைத் தவிர. அதைப் பெரிய பாறை ஒன்று மறைத்திருந்தது. இரண்டு மஞ்சள் ஹெல்மெட் சைக்கிள்களைத் தள்ளிக்கொண்டு அந்தப் பாறைக்குப் பின்னால் போயின.

வெளியே வரவில்லை.

ஐந்து நிமிடம். ஒன்பது நிமிடம். கை சும்மா இருக்காமல் முடிவுகள் எழுதினேன்.

அ) "எனக்கு அப்பவே தெரியுமே சம்பந்தி!" என்று டாக்டர் சிரிக்கிறார்— [அடித்துவிட்டேன். இதை நீங்களே முதல் பக்கத்தில் ஊகித்திருப்பீர்கள்.]

ஆ) பிடித்த மண்டபத்தை விடுவானேன் என்று இரண்டு சம்பந்திகளும் ஆயிரத்து இருநூறு பேருக்கு முன்னால் மேடையில் மாலையோடு உட்காருகிறார்கள்— [வீட்டில் படித்துக் காட்டினேன். "ரெண்டு பேர்ல யாரு பொண்ணு?" என்றாள் மனைவி.]

இ) டாக்டர் கோபத்தில் சைக்கிளைத் தூக்கிக் கடலில்— [ஆசிரியருக்குப் பிடிக்கும். ஏதோ ஒன்றாவது கீழே விழுகிறதே.]

அப்போது பாறைக்குப் பின்னாலிருந்து ஒரு சைக்கிள் வந்தது. ஒன்றே ஒன்று. நாலாம் நம்பரில், சீறிக்கொண்டு, மேல்நோக்கி. ஒரே ஆள்.

இரண்டு பேருக்கும் ஒரே மாதிரி ஹெல்மெட், ஒரே மாதிரி ஆரஞ்சு மேல்சட்டை, ஒரே மாதிரி கறுப்புக் கண்ணாடி, தொப்பையும் ஏறக்குறைய ஒரே அளவு. டாக்டர் என்றால், கேட்டுவிட்டார், கட்டைவிரலை விலக்கிப் பார்த்துவிட்டார், சைக்கிளைப் பிடுங்கிக்கொண்டு வருகிறார்; எதற்கு என்பது அவர் முகத்தில் இருக்கும். லிஃப்ட்காரர் என்றால், சொல்லிவிட்டு அங்கே நிற்க முடியாமல் வருகிறார்; அல்லது சொல்லவே முடியாமல் வருகிறார்.

மாப்பிள்ளை ஓர் அடி பின்னால் வைத்தான். அவள் அவன் சட்டையைப் பிடித்தாள்.

"நில்லுங்க. யாரா இருந்தாலும் அப்பாதானே."

பிறகு என் பக்கம் திரும்பினாள். "அங்கிள், நீங்க கூடவே வந்தவரு. யாருன்னு தெரியுதா?"

நாற்பத்தோரு தொடரிலும் முதல் அத்தியாயம் எழுதும் முன்பே எனக்கு ஆள் யாரென்று தெரியும். இதிலும் அடுத்த நிமிடம் தெரிந்துவிட்டது. வீட்டுக்கு வந்து எழுதியும் பார்த்தேன். இவரை எழுதினால் அவரைப் பாறைக்குப் பின்னால், செத்த சைக்கிளோடு தனியாக விட்டுவிட்டு வர வேண்டியிருக்கிறது. அவரை எழுதினால் இவரை. இரண்டு பேரையும் எனக்குப் பிடித்துப் போய்விட்டது. என்னால் ஆகாது.

இந்தாருங்கள், என் மூக்குக் கண்ணாடி. வியர்வை படிந்திருக்கிறது, துடைத்துவிட்டுப் பாருங்கள். சீக்கிரம், அவர் பிரேக் பிடிக்க ஆரம்பித்துவிட்டார்.