நாலு விரல் ஒடுக்கு

புதன்கிழமை மதியம் கடைசல்காரர் தன் பைக்குக்கு முன் டயர் மாற்றிக்கொண்டு வந்தார். அன்று பொழுது சாய்வதற்குள் அவர் வீட்டில் வட்டமாக இருந்த அத்தனை பொருளிலும் நாலு விரல் அகலத்துக்கு ஒடுக்கு விழுந்தது. முதலில் போனது சாப்பாட்டுத் தட்டுகள். பிறகு பானை மூடி, வாளியின் வாய், சல்லடை, சுவர்க் கடிகாரம், மனைவியின் வளையல்கள், அவருடைய சட்டைப் பொத்தான்கள்கூட. கடிகாரத்தில் நாலு மணியும் ஐந்து மணியும் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு நின்றதால் அந்த வீட்டில் சாயங்காலம் மட்டும் சீக்கிரம் முடிந்துபோனது. இதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். தட்டு கோணலாக இருந்தால் சாப்பாடு தொண்டையில் இறங்காதா என்ன? ஆனால் அவர் மனைவிக்கு அப்போது ஏழாம் மாதம். துணி மாற்றும்போது வயிற்றின் இடப்பக்கம், விலாவுக்குக் கீழே, சரியாக நாலு விரல் அகலத்துக்குச் சப்பையாக இருப்பதை அவள்தான் பார்த்தாள். கூப்பிட்டுக் காட்டினாள். கல்யாணமாகிப் பதினாலு வருஷம் கழித்து, மூன்று முறை கலைந்த பிறகு தங்கிய பிள்ளை அது.

கடைசல்காரரைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். லேத் பட்டறையில் இருபத்தாறு வருஷமாக உருளை, புஷ், அச்சு என்று உருண்டையாக இருக்க வேண்டியதை உருண்டையாகக் கடைந்து கொடுக்கிற ஆள். தலைமயிர் கனத்துக்குப் பிசகினாலும் பொருளைக் கழிவுத் தொட்டியில் போட்டுவிடுவார். தன் பைக்கில் இன்னொருத்தர் கை வைக்க விடமாட்டார். செயினுக்கு எண்ணெய் விடுவதுகூட அவரேதான். ஆனால் ட்யூப் இல்லாத டயரை அலாய் சக்கரத்திலிருந்து கழற்ற அவரிடம் சாமான் இல்லை. அதனால் பட்டறைக்கு எதிர்ச்சாரியில் இருந்த டயர் கடைக்குப் போனார். அந்தக் கடைக்காரனுக்கு ஊர் வைத்த பேர் 'ரெண்டு நிமிஷம்'. எதைக் கேட்டாலும் அவன் வாயிலிருந்து வருகிற முதல் வார்த்தை அதுதான். டயர் கழற்றுகிற மிஷின் ஒன்று போன வருஷம் வாங்கிக் கடையின் மூலையில் நிறுத்தியிருந்தான். அதில் சக்கரத்தை ஏற்றிப் பூட்ட நேரமாகும் என்பதால் அதன் மேல் துண்டைக் காயப்போட்டிருந்தான். அன்றைக்கும் சக்கரத்தைச் சிமெண்ட் தரையில் படுக்கப் போட்டு, மேலே ஏறி நின்று, இரும்பு நெம்புகோலை வெறுமனே விட்டு நெம்பினான். அடியில் கொடுக்கிற பிளாஸ்டிக் காப்பு அவன் கடையில் எங்கே கிடக்கிறது என்று அவனுக்கே தெரியாது. ஓர் இடத்தில் டயர் பிடிவாதமாக நின்றது. சுத்தியலை எடுத்து ஒரே போடு. அந்த நேரம் பார்த்துக் கடைசல்காரருக்கு மனைவியிடமிருந்து போன் வந்திருந்தது. நாளைக்கு ஸ்கேனுக்குக் கூட்டிப்போக மறந்துவிடாதீர்கள் என்று சொல்லத்தான் கூப்பிட்டாள். காற்றடிக்கிற சத்தத்தில் காது கேட்காமல் அவர் தெருமுனைவரை நடந்து போய்ப் பேசிவிட்டு வந்தார். வந்தபோது சக்கரம் பூட்டியாகிவிட்டது. ஒரு விரலை ரிம் மேல் வைத்து ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். ஊரான் கொடுத்த இரும்பையெல்லாம் தடவித் தடவிப் பார்க்கிறவர், அன்றைக்கு என்ன கேடோ, தொட்டே பார்க்காமல் ஏறி உட்கார்ந்து வந்துவிட்டார்.

மறுநாள் விடிந்ததும் சக்கரத்தைக் கழற்றிப் பட்டறைக்குத் தூக்கிப்போய் லேத்தில் மாட்டி, பிசகு பார்க்கிற ஊசி மானியை ஒட்டி வைத்துச் சுற்றினார். ஊசி இரண்டரை மில்லி துள்ளியது. ரிம்மின் விளிம்பில் நாலு விரல் அகலத்துக்கு ஒடுக்கு, அதன் நடுவே சுத்தியலின் முகம் பதிந்த பிறைத் தழும்பு. அதைக் கையில் ஏந்திக்கொண்டு டயர் கடைக்குப் போனார். 'ரெண்டு நிமிஷம்' ஏறிட்டே பார்க்கவில்லை.

"அது முன்னாடியே இருந்ததுண்ணே. எங்கயாச்சும் பள்ளத்துல விட்டிருப்பீங்க."

"தம்பி, சுத்தியல் அச்சு அப்படியே இருக்கு பாரு."

"டயரை மாத்தினது நான்தான். சக்கரத்தை நான் தொடவே இல்லண்ணே."

சக்கரத்தைத் தொடாமல் டயரை மாற்றுகிற வித்தையைக் கேட்டுக் கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். கடைசல்காரருக்குச் சிரிப்பு வரவில்லை. "எனக்கு வேற ஒண்ணும் வேணாம்ப்பா. உன் கையால ஆனதுன்னு ஒரு வார்த்தை சொல்லு. வீட்ல ஒருத்தி வயித்தைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கா" என்றார். வயிறு என்று கேட்டதும் அவன் முகம் வெளுத்தது. தட்டும் வளையலும் போன கதை அதற்குள் கடைத்தெரு முழுக்கப் பரவியிருந்தது. அதனாலேயே அவன் இன்னும் கெட்டியாகச் சாதித்தான். ரிம்மை ஒப்புக்கொண்டால் பிள்ளையையும் அல்லவா ஒப்புக்கொள்ள வேண்டும்? பயந்தவன் வாயிலிருந்து உண்மையைப் பிடுங்க எந்த நெம்புகோலாலும் முடியாது.

ஸ்கேன் எடுத்த டாக்டரம்மா மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தார். பிள்ளையின் தலையில் இடது காதுக்கு மேலே ஒடுக்கு இருப்பதாகவும், வயிற்றின் ஒடுக்கும் அதுவும் ஒன்றோடொன்று பொருந்தியிருப்பதாகவும் சொன்னார். அதிசயப்படவில்லை, ஒரு நாளைக்கு அறுபது வயிறு பார்க்கிறவருக்கு அதிசயப்பட ஏது நேரம்? "எலும்பு இன்னும் இளசுதான். இடம் சரியானா தலையும் சரியாகும். எட்டு வாரம் இருக்கு" என்று எழுதிக் கொடுத்தார். அந்த எட்டு வாரம் கடைசல்காரர் மண்டைக்குள் கடிகாரமாய் ஓட ஆரம்பித்தது. புதுச் சக்கரம் ஒன்று வாங்கி மாட்டினார். வாசலைத் தாண்டி உள்ளே வருவதற்குள் அதே இடத்தில் அதே அளவுக்கு அமுங்கிக்கொண்டது. பட்டறையில் அவர் கடைந்த உருளைகளும் ஒடுக்கோடு வந்தன. முதலாளி நல்ல மனுஷர். திட்டவில்லை, சதுரக் கம்பி அறுக்கிற இடத்துக்கு மாற்றிவிட்டார். அதுதான் அவரை அதிகமாகக் கொன்றது. மனைவி பகல் முழுக்க வலப்பக்கமாகவே ஒருக்களித்துப் படுத்திருந்தாள். இடப்பக்கம் திரும்பினால் பிள்ளை இன்னும் நசுங்குமோ என்று பயம். ஒரு நாள் சுவரைப் பார்த்தபடியே கேட்டாள்: "அவன் அடிக்கறப்போ நீங்க பக்கத்துல இல்லியா?" "நீதானே போன் பண்ணினே" என்பது அவர் நாக்கு நுனிவரை வந்தது. நல்லவேளை, விழுங்கிவிட்டார்.

அலாய் சக்கரத்தின் ஒடுக்கை எடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். அந்த இடத்தை இதமாகச் சூடுகாட்டி, உள்ளேயிருந்து மெதுவாக, நாள் கணக்கில் அழுத்தி வெளியே தள்ளுவார்கள். அப்படி ஒருத்தர் பக்கத்து ஊரில் இருந்தார். பழைய சக்கரத்தைப் பார்த்துவிட்டு, மூன்று வாரம் ஆகும், அவசரப்பட்டால் விரிசல் விட்டுவிடும் என்றார். மூன்று வாரம் அடுத்தவன் கையில் விட்டுவிட்டு வருவதா? ஒரு தடவை விட்டதற்குத்தான் இந்தப் பாடு. கடைசல்காரர் சக்கரத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டார். இங்கேதான் அவர் புத்தி கெட்டது. இருபத்தாறு வருஷமாக அவர் செய்த வேலையெல்லாம் இரும்பைக் கழிப்பது. சேர்ப்பது அவர் தொழிலிலேயே கிடையாது. உருண்டை பிசகினால் மேட்டைச் சீவு, அவ்வளவுதான் அவருக்குத் தெரியும். ஒரு ஞாயிற்றுக்கிழமை, பட்டறையில் யாரும் இல்லாதபோது, சக்கரத்தை லேத்தில் ஏற்றினார். பள்ளத்தை மேட்டுக்கு உயர்த்த வேண்டிய இடத்தில், சுற்றிலும் இருந்த மேட்டையெல்லாம் பள்ளத்தின் மட்டத்துக்குச் சீவி இறக்கினார். வெள்ளிச் சுருளாக அலுமினியம் அவர் காலடியில் குவிந்தது. கடைசியில் ஊசி மானியை வைத்துச் சுற்றினார். ஊசி அசையவே இல்லை. அப்படியே தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதார்.

வீட்டுக்கு வந்தபோது எல்லாம் வட்டமாக இருந்தது. எல்லாம் சின்னதாகவும் இருந்தது. தட்டு கிண்ணத்தின் அளவுக்கு வந்திருந்தது. மூடிகள் பானைக்குள் விழுந்து கிடந்தன. வளையல்கள் மனைவியின் மணிக்கட்டைக் கவ்விக்கொண்டு தோலைச் சிவக்க வைத்திருந்தன. அவள் அதைக் கவனிக்கவே இல்லை. இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நடுவீட்டில் நின்றாள். ஏழரை மாத வயிறு அழகான வட்டமாக, நாலு மாத வயிறுபோல் இருந்தது. "என்ன பண்ணினீங்க?" என்றாள். அவர் சொன்னார். சீவியதைச் சொன்னார், ஊசி நின்றதையும் சொன்னார். அவள் கத்தவில்லை, தலையில் அடித்துக்கொள்ளவில்லை. "உள்ள ஒரு ஆள் இருக்குன்னு உங்களுக்குத் தோணவே இல்லியா?" என்று மட்டும் கேட்டாள். டாக்டரம்மா அளந்து பார்த்துவிட்டு, தலை சரியாகிவிட்டது என்றார். பிள்ளை இருக்கிற இடத்துக்குத் தக்கபடி சுருங்கிக்கொண்டது, இனி இவ்வளவுதான் என்றும் சொன்னார். சீவின சுருளை உருக்கி ஒட்ட வைக்க முடியுமா என்று கடைசல்காரர் மூன்று பட்டறையில் கேட்டார். மூன்றிலும் உதட்டைப் பிதுக்கினார்கள்.

அடுத்த வாரம் மனைவி யாரிடமும் சொல்லாமல் டயர் கடைக்கு நடந்தே போனாள். பழைய டயர் அடுக்கின் மேல் உட்கார்ந்தாள். 'ரெண்டு நிமிஷம்' கையில் இருந்ததைப் போட்டுவிட்டு எழுந்து நின்றான். "என்னக்கா?" என்றான். அவள் அவன் கையைப் பிடித்து, கிரீஸும் கருப்புமாக இருந்த கையை, தன் வயிற்றின் மேல் வைத்தாள். உள்ளேயிருந்து ஒரு உதை வந்தது. சட்டைப்பையில் விழுந்த சில்லறையின் கனம்கூட அதில் இல்லை. "நான்தான்க்கா அடிச்சேன். மிஷின்ல ஏத்தியிருக்கணும். சோம்பேறித்தனம். நான்தான்" என்று தேம்பினான். கடையில் நின்ற நாலு பேரும் கேட்டார்கள். ஒப்புக்கொண்டுவிட்டான், இனி எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்று தெரு பேசிக்கொண்டது. ஆகவில்லை. தட்டுகள் அப்படியேதான் இருந்தன, வயிறும் அப்படியேதான் இருந்தது. அவள் எழுந்து, சேலையில் பட்ட கறையைத் தட்டிவிட்டுக்கொண்டு, வந்த வழியே திரும்பி நடந்தாள்.

சொன்ன தேதிக்குச் சொன்ன நேரத்தில் பெண் பிள்ளை பிறந்தது. நர்ஸ் அதை ஒரு கைக்குட்டையில் பொதிந்து கொண்டுவந்து கடைசல்காரர் கையில் கொடுத்தாள். உள்ளங்கையில் பாதி மிச்சம் இருந்தது. அவர் கட்டை விரலை அந்தத் தலையின் மேல் வைத்து, முடித்த உருளையைச் சோதிக்கிறதுபோல, ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். எங்கேயும் தடுக்கவில்லை.

கட்டிலில் கிடந்த மனைவி, "எப்படி இருக்கு?" என்றாள்.

"வட்டமா இருக்கு."

"உசுரோட இருக்கான்னு கேட்டேன்."

அவர் அதைப் பார்க்கவே இல்லை. குனிந்து காதை வைத்தார். மூச்சு இருந்தது, சாம்பலுக்குள் நெருப்பு இருக்கிற மாதிரி. "இருக்கு, இருக்கு" என்று இரண்டு தடவை சொன்னார். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். உள்ளே ஒரு ஆள் இருப்பது தோணவில்லையா என்ற அந்தப் பழைய கேள்வியை அவள் மறுபடி எடுக்கவே இல்லை. அவர்தான் தினமும் படுக்கும்போது கேட்டுக்கொண்டார்.

பிள்ளை பிழைத்தது. வளர்ந்தது என்று சொல்ல முடியாது; வயசு ஏறியது. ஒரு வயசில் தம்ளரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நாலு வயசில் வாய் ஓயாமல் பேசினாள். குரல் மட்டும் பெரிய ஆள் குரல். கடைசல்காரர் பட்டறை வேலையை விட்டுவிட்டு வீட்டிலேயே உட்கார்ந்து, தனக்குத் தெரிந்த ஒரே வேலையைச் செய்தார். கரண்டியின் காம்பைக் குறைத்தார். நாற்காலியின் காலை அறுத்தார். பென்சிலை மூன்றாக வெட்டி ஒவ்வொன்றையும் மெலிதாகக் கடைந்தார். பள்ளிக்கூடத்துக்குப் போய் அவள் பெஞ்சைச் சீவிக் கொடுத்தார். கதவின் தாழ்ப்பாளை முழங்கால் உயரத்துக்கு இறக்கினார். வருஷத்துக்கு இரண்டு சாமானாவது அந்த வீட்டில் குட்டையாகிக்கொண்டே வந்தது. மனைவி ஒவ்வொன்றையும் பார்ப்பாள். அவளும் குனிந்தே நடக்கப் பழகிக்கொண்டாள். அந்த வீட்டுக்குப் போகிறவர்கள் தலையை இடித்துக்கொள்ளாமல் பார்த்து நுழைய வேண்டும் என்பது தெருவில் எல்லாருக்கும் தெரிந்த விஷயமாகிவிட்டது.

பெண்ணுக்குப் பதினொரு வயசு ஆன வருஷம், ஒரு காலையில், ஜன்னலுக்குக் கீழே நின்று சுவரை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தவள் திரும்பிக் கேட்டாள்: "அப்பா, நான் இதுக்கு மேல வளருவேனா?"

கடைசல்காரர் அறுத்துக்கொண்டிருந்த கட்டையைக் கீழே வைத்தார். அடுப்படியில் மனைவியின் கை நின்றது.

"இல்லம்மா" என்றார். "அப்பா அப்படிப் பண்ணிட்டேன்."

அவள் மறுபடி ஜன்னலை அண்ணாந்து பார்த்தாள். பிறகு, "அப்ப இந்த ஜன்னலைக் கொஞ்சம் கீழ இறக்கிடுங்க. தெரு தெரிய மாட்டேங்குது" என்றாள்.

மதியத்துக்குள் ஜன்னலுக்குக் கீழே மூன்று வரிசைச் செங்கல்லைப் பெயர்த்து எடுத்துவிட்டார். மனைவி தூசியைக் கூட்டி அள்ளினாள். பெண் வந்து நின்று தெருவைப் பார்த்தாள்.