மாதா நிற்கும் இணைப்பு

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நான் எழுத உட்கார்ந்தது காதல் கதை. என் மனைவி மாரிக்ரூஸ் சாலைத் துறை எஞ்சினியர். சாலைக்கடியில் புதைந்த கான்கிரீட் குழாய், மேலே லாரி ஏறினால் எப்படி அசையும் என்று சாப்பாட்டு மேஜையில் கம்ப்யூட்டரை வைத்துக் கணக்குப் போடுகிறாள்.* மிச்சமிருந்த ஓரத்தில் காதல் வளரவில்லை. ஆகவே குழாய்.

* மண்ணைக் கட்டம் கட்டமாகப் பிரித்திருக்கிறாள். ஒவ்வொரு கட்டமும் என் பாத்திரங்களைவிட நன்றாக அசைகிறது.

2

தொடக்கம்: 'மண்ணுக்கடியில் இருள் ஒரு'

(வேண்டாம். குழாயில் ஓடுவது தண்ணீர், தத்துவமல்ல.)

மறுபடியும்: திங்கட்கிழமை எங்கள் குவானகாஸ்தே மாகாணத்தில் கரும்பு வெட்டு தொடங்குகிறது. ஆலைக்கு ஒரே சாலை. அதைத் திறக்க மாரிக்ரூஸ் கையெழுத்துப் போட வேண்டும். முதல் லோடு ஓட்டப்போவது அவள் தம்பி எலியேசர். அந்தச் சாலைக்கடியில் போவது துண்டுகளாகக் கோத்த குழாய். துண்டு வளையாது, இணைப்புதான் விலகும். விலகினால் மண் உள்ளே கொட்டி, சாலை லாரியோடு உள்ளே போகும். தாங்கும் என்றது கணக்கு.

[இதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். திருத்தும்போது பார்க்கலாம்.]

3

எலியேசரை வீரனாக்கலாமா என்று சந்தேகம். அவனோ வாழையிலையில் வேகவைத்த சோளமாவுத் தமாலில் என் பங்கையும் சேர்த்துத் தின்றுகொண்டிருந்தான்.

"மச்சான், கதைல என்னைக் கொன்னுடாதீங்க. அம்மா படிச்சா அழும்."

"உங்கம்மா நான் எழுதினதை என்னைக்குடா படிச்சாங்க?"

ஒரு வரி எழுதினேன்: 'ஆலைச் சாலைப் பள்ளத்தருகே மாதா மாடத்தில் லாரியை நிறுத்தி, தொப்பியைக் கழற்றி'

அலங்காரம் என்று அடிக்கப்போனேன். மாரிக்ரூஸ் எட்டிப் பார்த்தாள்.

"லாரி ஏன் நிக்குது?"

"மாதாகிட்ட நிப்பாட்டாம யாரு போறா? நீயே நிப்பாட்டுவியே."

"என் கணக்குல நிக்கவே இல்லியே. போய்ட்டே இருக்கு." அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "மாடம் சரியா ஒரு ஜாயின்ட்டுக்கு மேலதான் இருக்கு."

பள்ளத்தில் தடுமாறிய யாரோ பிழைத்ததால் மாதாவை அங்கே வைத்தார்கள். மாதா இருப்பதால் எல்லாரும் அங்கே நிற்கிறோம். நிற்பதால் பள்ளம் ஆழமாகிறது. லாரியை நிறுத்திக் கணக்குப் போட்டதும் இணைப்பு வாயைத் திறந்தது. என் எழுத்தில் உருப்படியான ஒரே வரி, அதையும் அடிக்கப் பார்த்தேன்.

4

முடிவு அ: கையெழுத்துப் போடுகிறாள். (எழுதமாட்டேன். தமால் போனாலும் அவன் என் மைத்துனன்.)

முடிவு ஆ: போடவில்லை. கரும்பு வயலிலேயே காய்கிறது, ஊரே எங்களை

"மாதாவைத் தள்ளி வச்சா என்ன?" என்றாள் மாரிக்ரூஸ். "குழாயைத் தாண்டி, மாமரத்துக்கிட்ட. நிக்காமப் போனா தாங்கும்."

"ஊர் விடாதுக்கா," என்றான் எலியேசர். "ஆனா ஞாயித்துக்கிழமை மத்தியானம் மேட்ச். ஒருத்தன் வெளிய வரமாட்டான்."

"அப்புறம் கேட்டா?" என்றேன்.

"தானாவே நடந்து போனாங்கன்னு ஊரே சொல்லும். எடுத்துட்டுப் போனப்பல்லாம் தானா பாறைக்கே திரும்பிப் போனவங்களாச்சே, நம்ம மாதாவுக்கு அது பழக்கம்தானே."

5

இப்போது ஞாயிறு மத்தியானம். மாடம் சிமென்ட், நினைத்ததைவிடக் கனம். ஒரு மூலையை எலியேசர் பிடித்திருக்கிறான், ஒன்றை மாரிக்ரூஸ். மூன்றாவதில் நான், முதுகு விட்டுப்போகிறது. ஊருக்குள் கோல் விழுந்த சத்தம் கேட்கிறது. நான்காவது மூலையில் ஆளில்லை. முடிவைப் பற்றி அப்புறம் பேசலாம் வாசகரே, முதலில் இங்கே வந்து ஒரு கை பிடியுங்கள்.