கட்டடம் ஒருவருக்கு, வியாபாரம் ஒருவருக்கு

1
இந்தக் கதையில் ஒரு வாக்கியம்தான் எனக்குக் கிடைத்தது. விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் போகும் பேருந்தில் முன்சீட்டுப் பெண் போனில் சொன்னது: "கடைய ரெண்டா உடைச்சாத்தான் மதிப்பு வருமாம்." அவள் விக்கிரவாண்டியில் இறங்கிவிட்டாள். மிச்சத்தை நான் இட்டுக்கட்டினேன். அவளுக்குக் கலையரசி என்று பெயர் வைத்தேன்.

2
நலிந்த நிறுவனங்களில் முடங்கிய சொத்து மதிப்பை வெளிக்கொணரும் பொருட்டு—

(வேண்டாம். ஆடிட்டர் பேசுவது போலிருக்கிறது.)

புடவையிலிருந்து புளி வரை விற்கும் இரண்டு கடைகள், கலையரசியின் அப்பா தொடங்கியவை. விழுப்புரத்துக் கடையை அண்ணன் செல்வகுமார் பார்த்தார், திண்டிவனத்துக் கடையைக் கலையரசி. புறவழிச்சாலையில் பெரிய கடைகள் வந்தபின் இரண்டிலும் ஈ ஓட்ட வேண்டியதாயிற்று. ஒரு நாள் அண்ணன் திண்டிவனத்துக்கே வந்தார், அவளுக்குப் பிடித்த மைசூர்பாகோடு. அங்கேதான் அவளுக்குச் சந்தேகம் தட்டியது.

"கம்பெனிய ரெண்டா பிரிச்சிடலாம் கலை. கட்டடம் ரெண்டும் ஒரு கம்பெனி, யாவாரம் ஒரு கம்பெனி. ஒண்ணா இருந்தா எவனும் சரியா விலை மதிக்க மாட்றான்."

"எது யாருக்கு?"

"கட்டடத்த நான் பாத்துக்கறேன். யாவாரம் உனக்குதான் கைவந்தது."

"அப்போ உனக்கு வாடகை குடுத்துக்கினு நான் கடை நடத்தணும்."

"நமக்குள்ள என்னம்மா வாடகை."

"நாளைக்கு நீ வித்துட்டா? வாங்கனவன் காலி பண்ணச் சொன்னா, கடையில நிக்கற பொண்ணுங்க எங்க போவும்?"

அண்ணன் மைசூர்பாகை அவள் பக்கம் நகர்த்தினார்.

3
(செல்வகுமாரை வில்லனாக்குவது சுலபம். ஆனால் அவள் கணவர் முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது வராந்தாவிலேயே படுத்துக் கிடந்தவரும் அவர்தான்.)

கலையரசி மெதுவாகச் சொன்னாள்: "மாத்திக்கலாம்ண்ணா. கட்டடம் எனக்கு, யாவாரம் உனக்கு."

மறுப்பார், குட்டு உடையும் என்று காத்திருந்தாள். அப்படித்தான் எழுத நினைத்தேன்.

"சரி," என்றார். "வக்கீல்கிட்ட அப்படியே எழுதச் சொல்றேன்."

அவளுக்குச் சந்தேகம் கூடியது. இவ்வளவு லேசாக விடுகிறாரே, கட்டடத்தில் ஏதாவது வில்லங்கமா? இல்லை, வியாபாரத்தை யாருக்காவது பேசி முடித்துவிட்டாரா?

4
அவள் கையெழுத்துப் போட்டாள், பிறகுதான் தெரிந்தது—

அண்ணன் நிஜமாகவே கடையைக் காப்பாற்றத்தான்—

(இரண்டையும் எழுதிப் பார்த்தேன். இரண்டும் எனக்கே பொய்யாகப் பட்டன.)

"பிரிக்கவே வேணாம்ண்ணா," என்றாள். "இப்படியே இருக்கட்டும்."

அவர் எழுந்து செருப்பை மாட்டினார். முகத்தில் கோபம் இல்லை. அதுவும் அவளுக்குச் சந்தேகமாகத்தான் இருந்தது.

"ரெண்டுல எத வேணா எடுத்துக்கோன்னேன். இன்னும் எதக் குடுத்தா என்ன நம்புவே, கலை?"

அவளுக்கு என்னால் பதில் எழுத முடியவில்லை. அவர் படியிறங்குவதற்குள் நீங்களாவது ஒன்று சொல்லிக்கொடுங்கள்.