கல் அரங்கில் ஒரு பாட்டு

பக்கவாதம் வந்து ஒன்றரை வருடமாகியும் பாலேந்திராவுக்கு நடை திரும்பியதே தவிர, பேச்சு திரும்பவில்லை. சொல்ல நினைப்பது முகத்தில் தெரியும், வாயில் "அது... அது..." என்று மட்டுமே வரும். லண்டனில், லூயிஷாம் சந்தையில் நின்று கதைத்தால் வீட்டுக்கு வரவே மறந்துபோகிற மனிதர், இப்போது வீட்டை விட்டு வெளியே இறங்குவதே இல்லை.

அவருடைய மனைவி அஜந்தா வேலையில் லீவு எடுத்து, இத்தாலிக்கு இரண்டு டிக்கெட் போட்டாள்.

"அம்மா, அப்பாவாலை ஒரு கோப்பி கேக்கவே ஏலாது. பாசை தெரியாத ஊரிலை என்ன செய்யப் போறியள்?" என்று மகள் கம்சிகா சத்தம் போட்டாள்.

"அங்கை எனக்கும்தான் பாசை தெரியாது. ரெண்டு பேரும் ஒரே மாதிரி இருப்பம்."

மொலிசே மலைப்பக்கம் ஒரு பண்ணை வீட்டில் அறை எடுத்தார்கள். அவசரம் என்று ஒன்றும் இல்லை. காலையில் ஏதாவதொரு பழைய ஊர், மத்தியானம் சாப்பிட்டுவிட்டு நித்திரை. கூரையில்லாத தேவாலயங்களுக்குள் புல் முளைத்திருந்தது. கல் வீதிகளில் அந்தக் காலத்து வண்டிச் சக்கரங்களின் தடம் பள்ளமாகப் பதிந்திருந்தது. கடைகளில் வெளியூர்க்காரர் எல்லோரும் விரலைக் காட்டித்தான் சாமான் வாங்கினார்கள். பாலேந்திராவும் காட்டினார். யாரும் அவரைப் பரிதாபமாகப் பார்க்கவில்லை. ஒருநாள் தனியாகவே கடைக்குப் போய், அஜந்தா கேட்ட பாணும் கேட்காத பீச் பழங்களும் வாங்கி வந்தார்.

பிறகொரு நாள், புல்வெளிக்கு நடுவே இடிந்து கிடந்த ஒரு ரோம நகரத்துக்குப் போனார்கள். தூண்களுக்கிடையே செம்மறிகள் மேய்ந்துகொண்டிருந்தன. அங்கே அரைவட்டமாக ஒரு சின்னக் கல் அரங்கு. கால் வலியில் அஜந்தா மேல்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். பாலேந்திரா மெல்ல இறங்கி, நடுவில் நின்று கையைத் தட்டினார். சத்தம் அவள் காதருகே கேட்டது.

அவர் சிரித்தார். மறுபடி தட்டினார். பிறகு முணுமுணுக்கத் தொடங்கினார். அந்த மெட்டு அவளுக்குத் தெரிந்தது: முன்பு முகச்சவரம் செய்யும்போது பாடுகிற கோயில் பாட்டு. திடீரென்று மெட்டோடு சொற்களும் வந்தன. முழுச் சொற்கள், ஒன்றன்பின் ஒன்றாக, திக்காமல்.

அஜந்தா எழும்பினாள், அசைந்தால் நின்றுவிடுமோ என்று பயந்து திரும்ப உட்கார்ந்தாள்.

பாட்டு முடிந்ததும் அவர் தொண்டையில் கை வைத்தபடி நின்றார். பிறகு அதே மெட்டில் பாடினார்:

"அஜந்தா... இறங்கி வாரும்..."

கால் வலியெல்லாம் மறந்து அவள் படிகளில் ஓடி இறங்கினாள்.

லண்டன் திரும்பியதும் பேச்சுப் பயிற்சி தருகிற பெண்ணிடம் சொன்னார்கள். சிலருக்குப் பேச்சு போனாலும் பாட்டு மிஞ்சியிருக்கும், அதைப் பிடித்துக்கொண்டு பழகலாம், எல்லாம் திரும்பும் என்று வாக்குக் கொடுக்க முடியாது என்றாள் அவள். அன்றிலிருந்து வீட்டில் தேத்தண்ணி, செருப்பு, கண்ணாடி எல்லாம் பாட்டாகவே கேட்கப்பட்டன. கம்சிகா முதலில் சிரித்தாள், பிறகு குளியலறைக்குள் போய் அழுதுவிட்டு வந்து, தானும் பாடியே பதில் சொன்னாள்.

போன கிழமை அஜந்தா சமைத்துக்கொண்டிருந்தாள். வெளியே இரண்டு கையிலும் பைகளோடு நின்ற பாலேந்திரா கூப்பிட்டார்.

"அஜந்தா, கதவு."

அவள் போய்த் திறந்தாள். பையை வாங்கி மேசையில் வைத்தபோதுதான் உறைத்தது. அவர் பாடவில்லை.