முகம் கொடுத்து

நாலு மணிக்கு மகள் வீடியோவில் கூப்பிடுவாள். மூன்றேகாலுக்கே மாத்திரையைப் போட்டுவிட்டேன், ஒன்றரையாக. டாக்டர் எழுதியது ஒன்றுதான். அந்த அரை என் சொந்த வைத்தியம்.

போன ஞாயிறு நடந்தது அப்படி. இரண்டு வருஷத்துக்கு முன்னால், தானே பார்த்துக் கல்யாணம் செய்துகொண்டு வாசலில் வந்து நின்றவளை, "என் முகத்துலயே முழிக்காத" என்று சொல்லிக் கதவைச் சாத்தியவன் நான். அவள் அம்மா இருந்திருந்தால் என் வாயை அடைத்திருப்பாள். அந்த மகராசி போய்ச் சேர்ந்து ஏழு வருஷமாகிறது. அப்படித் துரத்திய மகள் தானாகக் கூப்பிட்டதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. ஆனால் மதியம் இரண்டு முட்டை சாப்பிட்டிருந்தேன். முட்டையோடு போட்டால் மாத்திரை மெதுவாகத்தான் ஏறும் என்று டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். நான் சிரித்துக்கொண்டிருப்பதாக நினைத்துக்கொண்டிருக்க, திரையின் மூலையில் சின்னதாகத் தெரிந்த கிழவன் அசையவே இல்லை.

"இன்னும் முகத்தத் தூக்கி வச்சிக்கிட்டுதான் இருக்கீங்களாப்பா?" என்றாள். பதில் என் நாக்குக்கு வந்து சேர்வதற்குள், "அடுத்த ஞாயிறு இன்னொரு தடவ கூப்பிடறேன். அப்பவும் இப்படித்தான்னா விட்டுடறேன்" என்று வைத்துவிட்டாள்.

அவளைக் குறை சொல்ல முடியாது. முப்பது வருஷம் டிக்கெட் கவுன்டரில் உர்ரென்று உட்கார்ந்திருந்தவனின் முகத்தைப் பார்த்து யார் நோய் என்று நினைப்பார்கள்? பார்க்கின்சன், முகத்தையே மரக்கட்டையாக்கிவிடும் நோய் என்று ஒரு வார்த்தை சொல்லிவிடலாம்தான். சொன்னால் நாளைக்கே பெட்டியோடு வந்து நிற்பாள், சட்டைப் பொத்தான் போட்டுவிட. அப்பாவுக்காக வந்தாளா, நோய்க்காக வந்தாளா என்று நான் சாகும்வரை மனசுக்குள் புழுங்கிக்கொண்டிருப்பேன்.

சரியாக நாலுக்குக் கூப்பிட்டாள். சிரித்தேன். மூலையிலிருந்த கிழவனும் சிரித்தான். அவள் கண் விரிந்தது. அதற்குள், அளவு மிஞ்சினால் உடம்பைத் தானாக ஆட்டிவைக்கும் அந்த அரை மாத்திரை தன் வேலையைக் காட்டத் தொடங்கியது. தோள் ஒரு பக்கம் போக, தலை மறு பக்கம் போனது. கையைத் தொடைக்கு அடியில் வைத்து அழுத்தினால் கால் ஆடியது.

"அப்பா... குடிச்சிருக்கீங்களா?"

வாழ்க்கையில் ஒரு சொட்டு தொட்டவனில்லை நான்.

"ஆமாம்மா. கொஞ்சம்."

வைத்துவிடப் போகிறாள் என்று பயந்தேன். அவள் மூக்கை உறிஞ்சினாள்.

"என்கூடப் பேசறதுக்கு உங்களுக்கு அவ்வளவு தைரியம் வேண்டியிருக்கு, இல்ல?"

ஆடிக்கொண்டிருந்த என் தலை ஆமாம் என்பதுபோல அசைந்தது. அதுவே அவளுக்குப் போதுமாக இருந்தது.

"சரி, வச்சிடாதீங்க. சமைச்சுக்கிட்டே பேசறேன். ஆனா அடுத்த வாரம் குடிக்காமப் பேசணும். சத்தியம் பண்ணுங்க."

"சத்தியமா."

போனை எதிலோ சாய்த்து வைத்துவிட்டு வெங்காயம் நறுக்கத் தொடங்கினாள். திரையில் அவளுடைய முழங்கை மட்டும்தான் தெரிந்தது. அது போய்ப் போய் வந்தது. நான் ஆடிக்கொண்டே அதைப் பார்த்து ம் கொட்டிக்கொண்டிருந்தேன்.