பத்து மணிக்குக் குடித்த டீ

அந்த மலை எவ்வளவு செங்குத்து என்றால், முன்னால் ஏறுகிறவனின் குதிகால் என் மூக்கில் இடித்தது. நான் தும்மினேன், அந்த வேகத்தில் அவன் நாலு படி மேலே போய்விட்டான். நம்பாதவர்கள் போய் ஏறிப் பார்க்கலாம்.

நாங்கள் ஐந்து பேர் வெளிநாட்டில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்பு மடித்துக்கொண்டிருந்தோம். ஒற்றை ஆளாகச் செய்கிற வேலையில்லை. ஆளுக்கு இரண்டு முனை பிடித்து, உதறி, எதிரெதிரே நடந்து வந்து முனையோடு முனை சேர்க்க வேண்டும். பதினோரு வருஷமாக எனக்கு எதிர்முனை ஒட்டடைக்குச்சி. பெற்றவர்கள் வேறு ஏதோ பெயர் வைத்திருந்தார்கள். அவன் உயரத்தைப் பார்த்த பிறகு அது யாருக்கும் ஞாபகம் வராது.

எனக்கு ஐம்பத்தொன்பது நடந்தது. அந்த மாதக் கடைசியில் ஒப்பந்தம் முடிகிறது. மேற்பார்வையாளர் கூப்பிட்டார். அவர் பாஷையில் சொன்னது தமிழில் இப்படி வரும்:

"ஞாயித்துக்கிழமை எல்லாரும் சாமி மலைக்குப் போறோம். உச்சிக்கோயில் வாசல்ல ஒரு நோட்டு இருக்கும். பேரும் வந்த நேரமும் எழுதணும். நீ ஏறிட்டா, இன்னும் ரெண்டு வருஷம் தாங்குவேன்னு நான் எழுதித் தர்றேன்."

அன்று மாலை வீட்டுக்குப் போன் போட்டு மலை விஷயத்தைச் சொன்னேன். "புதுப்பிக்கலைன்னா வந்துடுவேன்" என்றேன். மனைவி, "உங்க கட்டில்ல மாப்பிள்ளை படுக்கிறாரு. எதுக்கும் நல்லாவே ஏறுங்க" என்றாள்.

ஏறினேன். பாதி வழியில் என் நிழல் உட்கார்ந்துவிட்டது. அதைத் தனியாக விட்டுப் போக மனமில்லாமல் நானும் உட்கார்ந்தேன். அங்கே ஒரு டீக்கடை. முழங்கால் வலி என்று மேற்பார்வையாளர் அதற்கு மேல் ஏறவில்லை. எனக்கும் ஒரு டீ வாங்கித் தந்துவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தார். சரியாகப் பத்து.

"உன்னால முடியுமா?"

"டீ ஆறட்டும் சார். மலை எங்க ஓடிடப் போகுது?"

கடைசி நூறு படியைக் கையும் ஊன்றித்தான் ஏறினேன். எதிரே வந்த ஆடு ஒன்று, சொந்தக்காரன் என்று நினைத்து வழிவிட்டது. பன்னிரண்டே காலுக்கு உச்சி. ஒருவர் கையையும் பிடிக்கவில்லை. பேனாவை எடுத்து நோட்டைத் திறந்தால், எங்கள் ஐந்து பேர் பெயரும் ஒரே கையெழுத்தில் இருந்தது. எல்லாருக்கும் நேரம் பத்து மணி.

ஒட்டடைக்குச்சி பல்லெல்லாம் தெரிய வந்தான். "அண்ணே, நீங்க வர லேட்டாகும்னு உங்களுக்கும் சேர்த்துப் போட்டுட்டேன்."

குற்றம் சொல்ல முடியாது. எங்கள் பஸ் தினமும் தாமதம். முதலில் இறங்குகிறவன் ஓடிப்போய் ஐந்து பேரின் வருகை அட்டையையும் மெஷினில் குத்திவிடுவான். பதினோரு வருஷப் பழக்கம். கை அதுவாகச் செய்துவிட்டது.

"அடப்பாவி, பத்து மணிக்கு நான் அவரோட டீ குடிச்சிட்டிருந்தேன்டா. அடிச்சு எழுது."

அவன் முகம் செத்துவிட்டது. "போட்டோ எடுத்து அவருக்கே அனுப்பிட்டேண்ணே."

கீழே மேற்பார்வையாளர் போனைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். "பத்து மணிக்கு நீ உச்சியில இருந்திருக்க. அப்போ என் டீயைக் குடிச்சது யாரு?"

நான் ஏறியதை நாலு பேரும் பார்த்தவர்கள். நாலு பேர் பெயரும் அதே கையெழுத்தில் இருந்தது. மூன்று பேர் மலையின் அழகை ரசித்தார்கள். ஒட்டடைக்குச்சி குனிந்து ஷூ கயிறு கட்டினான். அவன் போட்டிருந்தது செருப்பு.

யார் எழுதினான், ஏன் எழுதினான் என்று நான் வாயைத் திறந்தால் வருகை அட்டை விஷயமும் சேர்ந்து வெளியே வரும்.

"நான்தான் எழுதச் சொன்னேன் சார்" என்றேன். "ஒரே நேரத்துல ரெண்டு இடத்துல இருக்கிறது எனக்குப் பழக்கம். ஊர்ல குடும்ப அட்டையில இருக்கேன், இங்கயும் இருக்கேன்."

அவர் சிரிக்கவில்லை. எழுதியும் தரவில்லை.

மாதக் கடைசி வரை விரிப்பு மடித்தோம். ஒவ்வொரு விரிப்புக்கும் ஒட்டடைக்குச்சி என் முகத்துக்கு நேரே வந்துதான் ஆக வேண்டும். ஒரு நாளைக்கு நானூறு தடவை. நானூறு தடவையும் துணியையே பார்த்தான்.

கடைசி நாள், கடைசி விரிப்பில் வாயைத் திறந்தான். "ஊருக்குப் போய் என்ன பண்ணுவீங்கண்ணே?"

"கட்டிலுக்கு அடியில இடம் இருக்காம்டா" என்றேன். "முனையை ஒழுங்காப் பிடி."

பிடித்தான்.