ஆட்டாமல் ஒரு மணி நேரம்

லிஃப்ட் மெக்கானிக் இறந்து மூன்றாவது வாரம் அவருடைய கருவிப் பையும் பழைய கேமராவும் கம்பெனியிலிருந்து வீடு வந்து சேர்ந்தன. லிஃப்ட் வடம் அறுந்தபோது போன் அவரோடு சேர்ந்து எட்டு மாடி கீழே விழுந்து நொறுங்கிவிட்டது. லாக்கரில் கிடந்ததால் கேமரா தப்பியது. உள்ளே கறுப்பு வெள்ளை ஃபிலிம் ஒன்று, படம் எடுத்து முடித்த நிலையில் இருந்தது.

அதைப் பார்த்ததும் மனைவிக்கு அவர் சொன்னது நினைவுக்கு வந்தது. சாவதற்கு இரண்டு நாள் முன்பு சாப்பிடும்போது அவர் சொன்னார்: "கம்பிவடம் பிரிஞ்சு நிக்குது. வாயால சொன்னா எவனும் காதுல வாங்கல. படம் எடுத்து வச்சிருக்கேன்." கம்பெனியோ, வடம் தேய்ந்ததை மெக்கானிக் யாரிடமும் சொல்லவில்லை, எல்லாம் அவர் கவனக்குறைவு என்று எழுதிக் கொடுத்திருந்தது. அடுத்த வாரம் விசாரணை.

ஃபிலிமைக் கழுவ வெளியே கொடுக்க அவளுக்கு மனம் துணியவில்லை. பத்து வருஷமாகக் குளியலறையில் அவர் பக்கத்தில் நின்று பழகிய வேலைதான். ஆனால் படத்தை வரவைக்கும் டெவலப்பர் மருந்துப் புட்டியின் அடியில் கொஞ்சம்தான் மிச்சம் இருந்தது. ஐந்து மில்லியை ஊசிக்குழலில் உறிஞ்சி அரை லிட்டர் தண்ணீரில் கலந்தாள். அவ்வளவு நீர்த்த மருந்தில் படம் மெதுவாகத்தான் வரும். ஒரு மணி நேரம் ஆட்டாமல் அசைக்காமல் விட வேண்டும். வெளிச்சம் புகாத பைக்குள் கைகளை விட்டு, தடவித் தடவி ஃபிலிமைச் சுருளில் ஏற்றி, வெளிச்சம் புகாத டப்பாவை மூடி, மூடியின் குழல் வழியே மருந்தை ஊற்றினாள்.

அந்த நேரம் அவள் தம்பி வந்தான். அதே கம்பெனியில் சூப்பர்வைசர். அவரை அங்கே வேலைக்குச் சேர்த்துவிட்டதும் அவன்தான். "மாமா என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா லிஃப்டையே நிறுத்தியிருப்பேனே" என்று அழுது ஓய்ந்தவன்.

"என்னக்கா இது?"

"உங்க மாமா எடுத்த ரோல். வடம் இதுல இருக்கு."

அவன் டப்பாவையே பார்த்தான். "வெறும் தண்ணி மாதிரி ஊத்தியிருக்கே. என்னத்த வரப்போகுது?"

"வரும். மூடியத் திறக்காம இருந்தாப் போதும். வெளிச்சம் பட்டா எல்லாம் போச்சு."

தெருமுனையில் பள்ளி வேன் ஹாரன் அடித்தது. "பார்த்துக்கடா" என்று சொல்லிவிட்டு மகளைக் கூட்டிவர ஓடினாள். திரும்பி வர பத்து நிமிஷம் ஆனது.

ஒரு மணி நேரம் ஆனதும் மருந்தைக் கொட்டி, படத்தை நிலைக்கவைக்கும் ஃபிக்ஸர் ஊற்றி, அலசி, சுருளைப் பிரித்தாள். ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஒரே கறுப்பு.

தம்பி பின்னால் நின்று எட்டிப் பார்த்தான். "நான்தான் சொன்னேனேக்கா. மருந்து பழசு, தண்ணி வேற. ஒண்ணும் வரல பாரு."

அவள் கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்துவிட்டாள்.

"மருந்து வேலை செய்யலன்னா ஃபிலிம் கண்ணாடி மாதிரி வெளுத்து வந்திருக்கும்டா. வெளிச்சம் பட்டாத்தான் இப்படிக் கறுக்கும்."

அவன் குளியலறைக் கதவோரம் ஒதுங்கினான்.

"வடத்தப் பத்தி உன்கிட்ட சொன்னாரா?"

"மூணு தடவ. மேல கொண்டுபோனா என்னையே தூக்கிடுவாங்கன்னு பயந்துட்டேன். எனக்கும் ரெண்டு குழந்தை இருக்குக்கா."

"வெளிய போ."

விசாரணைக்கு அவள் அந்தக் கறுப்பு ஃபிலிமையே எடுத்துப்போனாள். அதிகாரி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "இதுல ஒண்ணுமே இல்லையேம்மா" என்றார். நடந்ததைச் சொன்னாள். தம்பியைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். தரையைப் பார்த்தபடி அவன் சொன்னான்: "அக்காவுக்கு மனசு சரியில்ல சார். மாமா போனதுலருந்தே இப்படித்தான்."

கவனக்குறைவு என்றே முடிவானது. அன்று மாலை அம்மா போன் செய்தாள். "போனவர் திரும்பியா வரப்போறார்? இருக்கிறவனையும் ஜெயிலுக்கு அனுப்பணுமா உனக்கு?" அதற்குப் பிறகு அம்மாவின் போனையும் அவள் எடுப்பதில்லை.

ஒருநாள் தலை வாரிவிடும்போது மகள் கேட்டாள், "மாமா ஏம்மா வர்றதே இல்ல?"

வேலை அதிகம் என்று சொல்லத்தான் வாயெடுத்தாள். முடியவில்லை.

"அப்பா கடைசியா எடுத்த படத்தையெல்லாம் மாமா அழிச்சிட்டார்."

மகள் சீப்போடு தலையைத் திருப்பினாள். "அதுல நான் இருந்தேனா?"

"இருந்திருப்பே" என்றாள் அவள்.